நூற்றுப் பதினெட்டுக் குதிரை

நாலு பிஸ்டனையும் மஞ்சள் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, சட்டை நுனியால் துடைத்து, நகைத் தராசின் தட்டில் வைக்கிறாள் மாரிச்செல்வி. சேலைக்கு மேல் அவள் போட்டிருப்பது புருஷனின் பழைய பட்டாளத்துச் சட்டை. ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கிறது கண்ணுச்சாமி ஆசாரியின் கடை. கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கிற அந்தத் தராசு, பக்கத்தில் நின்று பெருமூச்சு விட்டால்கூட எண்ணை மாற்றிக் காட்டும். அதனால் அவள் பையைத் திறக்கும்போதே ஆசாரி எழுந்து மின்விசிறியை நிறுத்திவிடுவார்.

"இருநூத்தி முப்பத்திரண்டு கிராம். இருவத்தொம்பது பவுன் வருதும்மா. யாருக்குச் சீரு?"

"நாலும் பொட்டப்பிள்ளைக அண்ணாச்சி. ஒருத்திக்குக் குண்டுமணி கூடப் போனாலும் வீட்டுக்குள்ள சண்ட வந்துரும்."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இன்ஜினுக்குள் இந்த நாலும் நிமிஷத்துக்கு ஏழாயிரம் தடவை ஏறி இறங்க வேண்டும். ஒன்று மட்டும் கனத்திருந்தால் மொத்த வண்டியும் நடுங்கும். கனத்ததை எடுத்துப்போய் உட்புறமாக அரத்தால் ராவி, திரும்பக் கொண்டுவந்து தட்டில் வைப்பாள். நாலும் ஒரே எண்ணைக் காட்டுகிற வரைக்கும் ஆசாரியின் மின்விசிறி சுற்றாது. சித்திரை வெயிலில்கூட அவர் முகம் சுளித்ததில்லை.

சேத்தூர்ப் பக்கம் பம்புசெட்டு ஆவுடையப்பன் என்று கேட்டால் வயசானவர்களுக்குத் தெரியும். கிணற்றடியில் ஆயில் இன்ஜின் நின்றுபோனால் அவரைத்தான் கூட்டிப் போவார்கள். அவருக்கு ரெண்டு பெண்கள். மூத்தவள் ஈஸ்வரியைத் தேவதானத்தில் கொடுத்தார். இளையவள்தான் மாரிச்செல்வி. இவளைக் கூமாப்பட்டி சுந்தரம்மாளின் மகன் விஜயபாண்டிக்குக் கொடுத்தார். சுந்தரம்மாள் அவருக்கு ஒன்றுவிட்ட அக்காள், ஆகையால் பெண் வெளியே போகவில்லை. விஜயபாண்டி பட்டாளத்தில் இருந்த பதினேழு வருஷத்தில் இவள் லேத்துப் பட்டறையில் வேலைக்குப் போய், பிறகு ஸ்ரீவில்லிபுத்தூரில் சொந்தமாகவே ஒன்று போட்டுக்கொண்டாள். குடியிருப்பது சேத்தூரில்.

பட்டறையில் பார்ப்பது ஒரே வேலைதான். இன்ஜினின் தலைப்பாகம், அதாவது ஹெட்டு. வால்வு உட்காருகிற இடத்தைக் கடைவாள், காற்று போகிற வழியைத் தேய்த்து வழுவழுப்பாக்குவாள். மதுரையிலிருந்தும் தென்காசியிலிருந்தும் ஹெட்டைச் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். ஊரில் அவளுக்கு ஹெட்டக்கா என்றே பெயராகிவிட்டது. சுண்டுவிரலை அந்தத் துவாரத்துக்குள் விட்டு, கண்ணை மூடிக்கொண்டு தடவுவாள். "இந்தா, இங்கன ஒரு மேடு கெடக்கு. காத்து முட்டிட்டுத்தான் போகும்" என்பாள். கொண்டுவந்தவன் விரலுக்கு ஒன்றும் தட்டுப்படாது.

அவளுடைய சொந்த வண்டி ஒரு பழைய எஸ்டீம் கார். சாம்பல் நிறம். இடது பக்கக் கதவு மட்டும் வேறொரு வண்டியிலிருந்து வந்ததால் வெள்ளை. வெளியே பார்த்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பானட்டைத் திறந்தால் பத்து வருஷத்து உழைப்பு இருக்கும். ரேடியோ கிடையாது. "இன்ஜின் பேசையில குறுக்க யாரு பாட்டு?" என்பாள்.

ஈஸ்வரியின் மகன் கௌதம்ராஜ் ராஜபாளையத்தில் கார் சாமான் கடை வைத்திருக்கிறான். அவனுக்கு இந்தப் பத்து வருஷ உழைப்பைப் பார்த்தாலே பொறுக்காது.

"சித்தி, ஒரு டர்போ வாங்கிப் போட்டா ரெண்டு நாள்ல முடிஞ்சுபோற வேல. எதுக்கு இப்படிக் கெடந்து ராவிக்கிட்டு?"

"ஏலே, மூக்குல பம்ப வச்சு அடிச்சா ஒன் நெஞ்சுந்தான் விரியும். அதுக்குப் பேரு பலமா? தானா மூச்சு வாங்கி ஓடணும்லே. கேட்ட ஒடனே குடுக்கணும், தாய்மாமன் மாதிரி. ஒஞ் சித்தப்பா மாதிரி செத்த நேரம் யோசிச்சிட்டுக் குடுக்கக் கூடாது."

பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த விஜயபாண்டி அதையும் செத்த நேரம் யோசித்துவிட்டுத்தான் சிரித்தான்.

கம்பெனியிலிருந்து வரும்போது அந்த வண்டிக்கு எண்பத்தைந்து குதிரைப் பலம். போன வருஷம் ஒரு புது கேமைத் தன் கணக்குப்படி கோயம்புத்தூரில் கடையச் சொல்லிப் போட்டாள். வால்வு எப்போது திறக்க வேண்டும், எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்று சொல்கிற தண்டுதான் கேம். அங்கேயே வண்டியை உருளை மேல் ஏற்றி ஓட்டி அளந்தார்கள். நூற்றுப் பதினெட்டு. டர்போ இல்லாமல், பழைய இன்ஜினில், ஒரு பொம்பளை கையால். அந்தத் தாளை லேமினேஷன் செய்து பட்டறைச் சுவரில் மாட்டினாள். காலையில் பத்தி கொளுத்தியதும் முதலில் அதைத்தான் பார்ப்பாள்.

ஆனால் அது பந்தயத்துக்குப் போகிற வண்டி இல்லை. தினமும் காலையில் ஆள் ஏற்றிக்கொண்டு போகிற வண்டி. சேத்தூரில் விஜயபாண்டியின் தங்கை நாகஜோதி ஏறுவாள்; அவள் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ், எட்டு மணிக்கு வார்டில் நிற்க வேண்டியவள். ராஜபாளையத்தில் பானுப்பிரியா ஏறுவாள். அவள் கோர்ட்டில் டைப்பிஸ்ட். ஒன்பது வருஷமாக இப்படித்தான். ஊர்க்கதை, உறவுக்கதை எல்லாம் அந்த வண்டிக்குள்தான் பேசி முடிப்பார்கள்.

புது கேமோடு வண்டி ஓட்டத்தில் புலி. நின்றால் குளிர்காய்ச்சல் கண்டவன் மாதிரி வெடவெடவென்று ஆடும். "பல்லு ஆடுதுக்கா" என்றாள் பானுப்பிரியா. மாரிச்செல்வி வலது காலை எடுக்காமல் ஆக்சிலேட்டரை மிதித்து மிதித்து இன்ஜினை உயிரோடு வைத்திருப்பாள். கார்த்திகையில் ஒரு நாள் ரயில்வே கேட்டில் இருபது நிமிஷம் நிற்க வேண்டியதாகிவிட்டது. இன்ஜின் ரெண்டு தடவை அணைந்து, மூன்றாம் தடவை கிளம்பவே இல்லை. பின்னால் ஹாரன். நாகஜோதி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், கதவைத் திறந்து இறங்கினாள், ரயில் போனதும் தண்டவாளத்தைத் தாண்டி நடந்தே போய்விட்டாள். ஆஸ்பத்திரியில் அரை நாள் லீவு போட்டுவிட்டார்கள்.

சாயங்காலம் வீட்டு வாசலில் வந்து நின்று சொன்னாள். "ஒங்க வண்டிக்கு நூத்திப் பதினெட்டுக் குதிர இருக்கு மதினி. எனக்கு ஒரு கழுத போதும், எட்டு மணிக்குக் கொண்டுபோய் விட்டா."

மறுநாளிலிருந்து அவள் பஸ்ஸில் போனாள். ரெண்டு வாரத்தில் பானுப்பிரியாவும் பஸ்ஸுக்கு மாறிவிட்டாள். உறவில் கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்தால் ஆள் விட்டுப் பேசிச் சரிசெய்யலாம். நாகஜோதி பேசத்தான் செய்தாள், காய்கறிகூடக் கொடுத்துவிட்டாள். வண்டியில் மட்டும் ஏறவில்லை. தினமும் காலையில் சேத்தூர் பஸ் ஸ்டாப்பைத் தாண்டும்போது மாரிச்செல்வி வேகத்தைக் குறைப்பாள். நாகஜோதி பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். காலி ஸீட்டோடு வண்டி போகும். இப்படி ஐந்து மாசம்.

"நீ ஒரு வார்த்த கூப்பிட்டா வந்துருவா. எந்தங்கச்சிதான" என்றான் விஜயபாண்டி.

"நாங் கூப்பிட்டா ஒறவுக்கு வருவா. வண்டிக்கு வரணும்லா."

அந்த ஐந்து மாசத்தில் அவள் எதையெதையோ மாற்றிப் பார்த்தாள். வண்டி நிற்கும்போது இன்ஜின் ஓடுகிற வேகத்தைக் கூட்டினால் சூடேறியது. குறைத்தால் நின்றது. வியாதி அந்தப் புது கேமில்தான் இருக்கிறது என்று முதல் நாளே அவளுக்குத் தெரியும். அந்தத் தாளைச் சுவரிலிருந்து எடுக்க மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

பங்குனிக் கடைசியில் எடுத்துவிட்டாள். கழற்றிய கேமை எண்ணெய்த் துணியில் சுற்றி, தாளையும் அதோடு சேர்த்துக் கட்டி, பீரோவில் கல்யாணப் பட்டுக்கு அடியில் வைத்தாள். "வால்வு ரொம்ப நேரம் வாயத் தொறந்துகிட்டு இருந்தா ஓடையில நல்லா இழுக்கும். நிக்கையில மூச்செல்லாம் ஒழுகிரும்" என்று விஜயபாண்டியிடம் சொன்னாள். வேறு கேம் கடைய வைத்தாள், கொஞ்சம் அடக்கமானதாக. அதற்குத் தக்கபடி காற்று வருகிற குழாய்களை நீளமாக்கினாள். நாலு பிஸ்டனையும் கழற்றி, திரும்பவும் ஆசாரியிடம் கொண்டுபோனாள்.

"சித்தி, இப்ப எத்தன குதிர? கோயம்புத்தூர் போய் அளந்து பாக்கலையா?" என்று கேட்டான் கௌதம்ராஜ்.

"எதுக்குலே? அளக்க வேண்டியவ பஸ் ஸ்டாப்புல நிக்கா."

அப்படியும் யாரையும் கூப்பிடவில்லை. சித்திரையில் ஒரு காலை, ஏழு மணி பஸ் வரவில்லை. ஏழேகாலுக்கும் வரவில்லை. எஸ்டீம் வழக்கம்போல் வேகம் குறைந்து, அன்றைக்கு நின்றது. நாகஜோதி செத்த நேரம் ரோட்டைப் பார்த்தாள். பிறகு அந்த வெள்ளைக் கதவுக்குப் பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"கேட்டுல நின்னுருமா மதினி?"

"நின்னா எறங்கிக்கோட்டி. ஒனக்கு வழி தெரியும்லா."

நாகஜோதி சிரிக்கவில்லை. ஏறிப் பையை மடியில் வைத்துக்கொண்டாள். ராஜபாளையத்துக்கு முன்னால் ஜல்லி ஏற்றிய லாரி ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு ஊர்ந்தது. எதிரே காலியாகக் கொஞ்ச தூரம் தெரிந்தது. மாரிச்செல்வி மூன்றாவது கியருக்குத் தட்டி மிதித்தாள். யோசிக்காமல் கொடுத்தது இன்ஜின். லாரி பின்னால் போனது. நாகஜோதி பையை விட்டுவிட்டு டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டாள். "ஏ மதினி, நான் வேலைக்குத்தான் போறேன், சண்டைக்கு இல்ல" என்றாள். ஐந்து மாசத்துக்கு அப்புறம் அந்த வண்டிக்குள் உட்கார்ந்து அவள் பேசிய முதல் பேச்சு அது.

ரயில்வே கேட் மூடியிருந்தது.

முன்னால் நாலு லாரி, ஒரு மில் வேன். வெயில் அப்போதே சுட ஆரம்பித்திருந்தது. மாரிச்செல்வி கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். நாகஜோதி கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்து நிமிஷம் போனது. பத்து நிமிஷம் போனது. மில் வேன் டிரைவர் இறங்கி நின்று டீ குடித்துவிட்டான்.

"ஆஃப் பண்ணிட்டியளா மதினி?"

மாரிச்செல்வி நாகஜோதியின் கையைப் பிடித்து டேஷ்போர்டின் மேல் வைத்தாள். உள்ளே, தூங்குகிற பிள்ளையின் முதுகு மாதிரி, இன்ஜின் சின்னதாக ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, ஆக்சிலேட்டரின் பக்கத்தில் காத்துக்கிடந்த வலது காலைத் தூக்கி, ஸீட்டின் மேல் மடித்துப் போட்டுக்கொண்டாள்.