ஆளுக்குப் பத்து மாத்திரை

லாஸ்பேட்டையில் இருக்கும் என் மருந்துக்கடையில் வேலை கேட்டு வந்து சேர்ந்தவள், பர்மாவில் அரசு மருத்துவமனை நர்ஸாக இருந்தவள். கொள்ளுத்தாத்தா கடலூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறியவராம். அவள் பேசியது நம் தமிழ்தான். ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும், அவர்களுக்குக் கீழே வேலை செய்ய மாட்டோம் என்று வெளியேறிய நர்ஸுகளில் அவளும் ஒருத்தி. பட்டாளம் வீடு தேடி வர, ஓடி வந்து தவளக்குப்பத்தில் தூரத்து உறவினர் வீட்டில் ஒண்டிக்கொண்டாள். பிறகு அவள் ஊரையே எரித்தார்கள். அம்மாவும் தம்பியும் காட்டோரத்தில் ஒரு தார்ப்பாய்க்குக் கீழே கிடந்தார்கள்.

அம்மாவுக்கு ரத்தக்கொதிப்பு. நம் பக்கத்து எல்லையோர ஊரில் இருந்த அவளுடைய தோழி மூலம் மூன்று மாதத்துக்கான மாத்திரை அனுப்பினோம். ஒரு மத்தியானம் தம்பியிடமிருந்து குரல்செய்தி வந்தது. கேட்டு முடித்தவள் போனைக் கவுன்ட்டரில் வைத்தாள்.

"செக்போஸ்ட்ல புடுங்கிட்டானுங்களாம்க்கா. ஆளுக்குப் பத்து மாத்திரதானாம். மேல இருந்தா சண்ட போடறவங்களுக்குக் கொண்டுபோறன்னு அர்த்தமாம்."

ரத்தக்கொதிப்பு மாத்திரையை வைத்துக்கொண்டு எந்தச் சண்டையைப் போடுவது? ஒரு நாட்டையே இத்தனை வருஷமாகத் துப்பாக்கி முனையில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வயதான பொம்பளையின் மாத்திரை அட்டையைக் கண்டும் பயமா?

நகரத்தில் சேவை அமைப்பு ஒன்று நடத்துபவர் என் வாடிக்கையாளர். பிடுங்கப் பிடுங்கத் திரும்ப அனுப்ப மருந்து வேண்டும் என்று அவரிடம் சொன்னேன். பெட்டி பெட்டியாக மருந்து தருவதாகச் சொல்லி, கடைக்கே வந்தார்.

"ஞாயித்துக்கெழம ஹால்ல ஃபங்ஷன் மேடம். இவங்க மேடைக்கு வந்து வாங்கிக்கணும். ஒரு போட்டோ, அவ்ளோதான்."

அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். "என் மூஞ்சி வெளிய வந்தா எங்கம்மாவத் தேடிப் போவாங்க சார்."

இப்போது நினைத்தாலும் கூசுகிறது, நானும் அவளைத்தான் கெஞ்சினேன். "மாஸ்க் போட்டுக்கம்மா, மருந்து கெடைக்குதுல்ல." அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"மூஞ்சி தெரியாம எப்படி? பணம் குடுத்தவங்களுக்கு நாங்க காட்டணுமே," என்றார் அவர். "இல்லன்னா அங்க கவர்மென்ட்டுன்னு ஒண்ணு இருக்குல்ல, அவங்ககிட்ட அனுப்பிடலாம். முறையா போய்ச் சேரும்."

"ஊர எரிச்சவங்ககிட்டயா சார்?" என்று கேட்டாள். குரலை உயர்த்தவே இல்லை.

உயர்த்தியது நான். கடையில் ஆள் இருப்பதையும் பார்க்காமல், "ஒங்க மருந்தும் வேணாம், ஒங்க போட்டோவும் வேணாம், எழுந்து போங்க சார்!" என்று கத்தினேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. அந்தப் பெட்டிகள் அதே ஞாயிற்றுக்கிழமை வேறு யாருக்கோ மேடையில் கைமாறின; படம் என் போனுக்கும் வந்தது.

மறுநாள் அவளே வழி சொன்னாள். "ஆளுக்குப் பத்துன்னா, ஆளுங்கள அதிகமாக்கிடலாம்க்கா." எல்லை தாண்டிச் சந்தைக்குப் போய்வரும் பெண்கள் ஆளுக்குப் பத்தாக எடுத்துப் போவதாகத் தோழி ஏற்பாடு செய்தாள். பக்கத்துத் தெரு மருந்துக்கடைக்காரர்கள் இரண்டு பேர் கேள்வி கேட்காமல் கொடுத்தார்கள். கடையின் பின்னறையில் உட்கார்ந்து அட்டைகளைப் பிரித்துக் கட்டினோம். அதிலும் பாதியை வழியில் பிடுங்கிக்கொண்டார்கள். மீதி போய்ச் சேர்ந்தது.

ஆனால் அதற்கு நான்கு நாள் முன்பே அவள் அம்மாவுக்கு வாய் கோணி, ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, உயிர் போய்விட்டது. நூறு மாத்திரையில் நின்றிருக்க வேண்டிய உயிர். விதி என்று ஆறுதல் சொல்ல வந்த உறவினரை அவள் பேசவே விடவில்லை. "விதியில்ல மாமா, கொன்னுட்டாங்க," என்றாள்.

அந்த மாத்திரைகளை என்ன செய்வது என்று தம்பி கேட்டிருந்தான். பக்கத்துத் தார்ப்பாய்களில் இருக்கும் கொதிப்புக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டு, யார் யார் என்று எழுதி அனுப்பச் சொன்னாள். பட்டியல் வந்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், வழக்கமான நேரத்துக்குக் கடைக்கு வந்து, அந்தப் பட்டியலைப் பார்த்து அடுத்த மாத்திரைகளைப் பத்துப் பத்தாகக் கட்டத் தொடங்கினாள்.