நாகம்மா அக்காவின் தளத்தில் ஒரு ‘வீடு’

செவ்வாய்க்கிழமை காலை சுமதி அக்கா போன் செய்து, “தளத்துல அம்மா போட்டோ ஒண்ணு போடணும்” என்றார். புதுக் காவடி கட்டினால் இணையதளத்தில் போடச் சொல்லி உடனே எனக்குப் படம் அனுப்பி வைப்பது அவருடைய அம்மா நாகம்மா அக்காவின் வழக்கம். “அனுப்புங்கக்கா, போட்டுடறேன்” என்றேன். அதற்குச் சுமதி அக்கா சொன்னார்: “மாலையோட போடணும்மா. காலையில பூ கட்டிகினு இருக்கும்போதே சாஞ்சிடுச்சு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிகினு போனோம். இல்லன்னுட்டாங்க.”

படத்திறப்பு அன்று என்னையும் இரண்டு வார்த்தை பேசச் சொல்லியிருக்கிறார்கள். கூட்டத்தில் பேச எனக்கு இன்னும் வராது. அதனால் எழுதிக் கொடுக்கிறேன். மலையடிவாரத்தில் காவடி வாடகைக்கு விட்ட நாகம்மா அக்காவை உங்கள் எல்லோருக்கும் தெரியும். அவருடைய இணையதளம் எப்படி வந்தது என்பது பாதிப் பேருக்குத் தெரியாது.

நான் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கே.ஜி.கண்டிகையில் எங்கள் வீட்டில் மாமா கொடுத்த பழைய லேப்டாப் ஒன்று இருந்தது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று யாரோ எழுதி, இலவசமாக விட்டிருந்த மென்பொருளை வைத்து, வீடியோ பார்த்துப் பார்த்து இணையதளம் செய்யக் கற்றுக்கொண்டேன். செய்து காட்ட ஒரு கடைகூடக் கிடைக்கவில்லை. அம்மா ஒரு கெடு வைத்தார். “ஆடிக் கிருத்திகை வரைக்கும் பாரு. அதுக்குள்ள ஒண்ணும் நடக்கலன்னா கம்பெனி வேன்ல ஏறிடணும்.” எங்கள் தெருவில் என் வயதுப் பெண்கள் எல்லோரும் அந்த வேனில்தான் போனார்கள். இயந்திரத்தின் முன்னால் எட்டு மணி நேரம் நிற்கும் வேலை அது. எனக்கு அதில் ஏற விருப்பமில்லை. அதை வாய்விட்டுச் சொல்லவும் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் வெளியூர்க்காரர் ஒருவர் அக்காவின் கடைக்கு வந்து, இணையதளம் செய்து தருவதாகச் சொல்லிப் பெரிய தொகை ஒன்று கேட்டிருக்கிறார். “முருகனுக்கு முந்நூத்தி அறுபத்தஞ்சு படி கீது. அந்தக் காசுல இன்னொரு படி கட்டிடுவேன் நைனா” என்று சொல்லி அனுப்பிவிட்டார் அக்கா. இந்தக் கதை பூ வாங்கப் போன என் அம்மாவின் காதில் விழுந்தது. மறுநாள் அம்மா என்னை இழுத்துக்கொண்டு போய் அக்காவின் முன்னால் நிறுத்தினார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வருடத்துக்கு ஒரு முறை தளத்தின் பெயருக்கும் இணையத்தில் அதற்கான இடத்துக்கும் பணம் கட்டினால் போதும், மற்றதெல்லாம் இலவசம் என்று அம்மாதான் எனக்காகச் சொன்னார்.

ஒரு வாரத்தில் செய்து முடித்தேன். மயில் தோகைக் காவடி, பூக்காவடி, குழந்தைகளுக்கான சின்னக் காவடி எல்லாம் படத்தோடு இருந்தன. அக்கா செல்போனில் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். “அழகா கீது. எல்லாம் நீயே செஞ்சியாம்மே?”

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. இது ஏதோ ஒரு நாட்டு ஓட்டலுக்காகச் செய்து இலவசமாக விட்டிருந்த தயார் வடிவம், டெம்ப்ளேட் என்பார்கள், அதில் சோற்றுப் படங்களை எடுத்துவிட்டுக் காவடிப் படங்களை வைத்தேன், அவ்வளவுதான் என்று சொன்னேன். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அக்கா, பின்னால் அடுக்கியிருந்த வெறும் காவடிக் கட்டைகளைக் காட்டினார்.

“இதப் பாரு. கட்ட எல்லாருக்கும் ஒண்ணுதான். போன வருஷம் ஒருத்தன் தோள்ல இருந்த கட்டயத்தான் இந்த வருஷம் இன்னொருத்தன் தூக்கிகினு போறான். பூவும் வேண்டுதலும்தான் அவங்கவங்களுது. இதுல இன்னா வெக்கம்?”

டெம்ப்ளேட் என்றால் என்ன என்று நான் எத்தனையோ வீடியோ பார்த்திருக்கிறேன். இப்படி யாரும் சொன்னதில்லை.

தளத்தில் போட அவருடைய போன் எண்ணைக் கேட்டேன். “என் கையில எப்பவும் நாரு. உன் நம்பரப் போடு” என்றார். “எனக்குப் பேச வராதுக்கா” என்றேன். “பேச்சு வராட்டி இன்னா, போன் வருமில்ல? எடு.”

வந்தது. கிருத்திகைக்குப் பத்து நாள் இருக்கும்போது சித்தூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டார். “வீடு போட்டிருக்கீங்களே, நாங்க ஏழு பேரு. ரெண்டு நாளு தங்கணும்.” எனக்குப் புரியவில்லை. திரும்பக் கூப்பிடுகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுத் தளத்தைத் திறந்து பார்த்தேன். ஆங்கில எழுத்தே இருக்கக் கூடாது என்று மெனுவில் ஒவ்வொரு சொல்லையும் தமிழாக்கியிருந்தேன். ‘ஹோம்’ என்று இருந்த இடத்தில் ‘முகப்பு’ என்று போட வேண்டும் என்று தெரியாமல், ‘வீடு’ என்று போட்டிருந்தேன். வீடு, காவடி, தொடர்பு. பார்க்கிறவர்களுக்குக் காவடியோடு வீடும் வாடகைக்கு விடுவது போலத்தான் இருந்தது.

அழுதுகொண்டே பஸ் ஏறி அக்காவிடம் ஓடினேன். “தப்பு பண்ணிட்டேன்க்கா. இப்பவே எடுத்துடறேன்.”

“இன்னான்னு கேட்டாங்க?”

“வீடு இருக்குதான்னு.”

“இருக்குன்னு சொல்லும்மே!”

“எங்கக்கா இருக்குது?”

“பின்னாடி ரெண்டு ரூமுல கட்டய அடுக்கி வெச்சிகினு கீறேன். கட்ட வெளியில வந்தா மனுஷன் உள்ள போறான்.”

அன்று மாலையே காவடிக் கட்டைகளைக் கூடத்துக்கு மாற்றினோம். சுமதி அக்கா சுண்ணாம்பு அடித்தார். நான் ‘வீடு’ பக்கத்தில் அந்த இரண்டு அறைகளின் படத்தையும் போட்டேன். எதிரே டீக்கடை வைத்திருப்பவரை அக்கா தெலுங்கில் மச்சான் முறை சொல்லி, பாவா என்றுதான் கூப்பிடுவார். அவர் கடைக்குள் இருந்தே குரல் கொடுத்தார். “இன்னா நாகம்மா, வீட்ட கம்ப்யூட்டர்ல வித்துட்டியாமே?”

“ஆமா பாவா. உன் ஆறிப்போன டீய எவன் வாங்குவான்? அதான் வீட்ட வித்தேன்.”

நான் சித்தூர்க்காரரைத் திரும்பக் கூப்பிட்டேன். முன்பின் தெரியாத ஒருவரிடம் நான் தடுமாறாமல் பேசிய முதல் வாக்கியம், “ஆங், இருக்குதுங்க, வாங்க.” அக்கா நாரைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினார்.

அதற்குப் பிறகு போன் நிற்கவில்லை. வேலூர், காளஹஸ்தி, சென்னை என்று எங்கிருந்தெல்லாமோ கூப்பிட்டார்கள். தெலுங்குக்காரர்களுக்கு ஒரு பக்கம் செய்தேன். அதில் வீட்டுக்கு ‘இல்லு’ என்று போடச் சொன்னவர் அக்காதான். இரண்டு அறைகளும் நிறைந்ததும், பக்கத்து வீட்டு அறை, அதற்கடுத்த வீட்டு மாடி என்று தெருவையே சேர்த்தார். ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள் அந்தத் தெருவில் ஒரு காலி அறை கிடையாது. தங்க வந்த எல்லோருக்கும் அக்காவின் காவடிதான். பாவா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தார். “ஏம்மா, என் மாடி ரூமையும் அந்த வீட்டுக்குள்ள போட்டுடும்மா.”

“ஆறிப்போன டீயும் சேத்துப் போடு!” என்று அக்கா உள்ளிருந்து கத்தினார். தெருவே சிரித்தது.

கிருத்திகை முடிந்த மறுநாள் கம்பெனி வேன் எங்கள் தெரு முனையில் நின்று ஆரன் அடித்தது. அம்மா வாசலுக்குப் போய், “அவளுக்கு வேலை இருக்குதுப்பா” என்றார். வேன் போய்விட்டது. அந்த வாரமே பஞ்சாமிர்தக் கடைக்காரர் ஒருவர் வந்தார். பிறகு பொதட்டூர்பேட்டையில் லுங்கி நெய்யும் குடும்பம், அம்மையார்குப்பத்தில் சேலை நெய்யும் ஒரு அக்கா. எல்லோருக்கும் இலவச டெம்ப்ளேட்தான். அதை நான் மறைப்பதில்லை. கட்டை ஒன்றுதான், பூ உங்களுடையது என்று சொல்லிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறேன்.

இப்போது செய்யும் தளங்களில் ‘முகப்பு’ என்று சரியாகவே போடுகிறேன். அக்காவின் தளத்தை மட்டும் ஒரு முறை திருத்தப் பார்த்தேன். “கைய வெச்சே, பிச்சிடுவேன். வீடு வீடாவே இருக்கட்டும்” என்றார்.

சுமதி அக்கா அனுப்பிய படத்தில் நாகம்மா அக்கா பூக்காவடிக்குப் பின்னால் நின்று சிரிக்கிறார். எங்கே போடுவது என்று நான் யோசிக்கவே இல்லை. ‘வீடு’ பக்கத்தில், முதல் இடத்தில் போட்டேன்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தத் தப்பான சொல்லையும், போன் மணி அடித்தால் எடுக்கிற தைரியத்தையும்தான். படத்தைப் போட்டு முடித்த பத்தாவது நிமிடம் போன் அடித்தது. இந்த வருடக் கிருத்திகைக்கு, திருப்பதியிலிருந்து பதினோரு பேர். வீடு இருக்குதா என்று கேட்டார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

“ஆங், இருக்குதுங்க. வாங்க.”