நான் வாய் திறக்கும் முன்னே எழுதிய கேஸ் ஷீட்

ஹவுஸ் சர்ஜன் வேலை என்பது பாதி ஓட்டம், பாதி எழுத்து; மிச்சம் இருந்தால் நோயாளி. ஏதோ ஓர் ஊர் ஆஸ்பத்திரியில் இப்போதும் மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருக்கும் சக பாவிகளே, இது உங்களுக்குத்தான்.

பத்து கேள்வி

மலையாள ஊரான மட்டாஞ்சேரியில், ஆஸ்பத்திரியில் நான் சேர்ந்த வாரமே ஒரு படிவம் தந்தார்கள். மருத்துவத்தில் ஏஐ பற்றி உங்களுக்கு எவ்வளவு தெரியும்? பத்து கேள்வி. பரீட்சைக்கு முந்தின நாள் போனில் அதனிடம் சந்தேகம் கேட்டதோடு சரி, எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. 'நன்றாகத் தெரியும்' என்று மளமளவென்று டிக் அடித்தேன். கூடவே சேர்ந்த ஜசீலா என்னைப் பார்த்து அப்படியே அடித்தாள். 'இது உங்கள் வேலையைப் பறிக்கும் என்ற பயம் உண்டா?' என்ற கடைசிக் கேள்வியில் மட்டும் பேனாவைக் கடித்தாள்.

"எழுத்து வேலைய மட்டும் பறிச்சா போதும்டா, அதுக்கு நானே பிரியாணி வெச்சுத் தரேன்."

காலிக் கட்டில்

அவள் வாய் முகூர்த்தம், ரெண்டு மாசத்தில் வார்டுக்கு ஒரு டேப்லெட் வந்தது. நாம் பேசப் பேச அது கேஸ் ஷீட் எழுதும். ஒரு வாரம் சொர்க்கம்தான்.

பிறகு ஒரு காலை ஏழாம் கட்டிலுக்குப் போனேன். அது செல்வியக்காவின் கட்டில். தேனிக்காரர், கலூரில் ஹோட்டல் சமையல், காய்ச்சலோடு முந்தின நாள் சேர்ந்தவர். பாத்ரூம் போயிருந்தார். நான் வாயே திறக்கவில்லை. டேப்லெட்டில் எல்லாம் எழுதியிருந்தது: 'நன்றாகத் தூங்கினார். சௌகரியமாக இருக்கிறார். நெஞ்சில் சளிச் சத்தம் இல்லை.' கீழே என் பெயர். என் வாசகம், என் வரிசை.

வார்டு நர்ஸ் லிஸி சேச்சியிடம் ஓடினேன். நாங்கள் எழுதிய பழைய ஷீட்டையெல்லாம் கொடுத்துத்தான் அதைப் பழக்கினார்களாம். சேச்சி மருந்துத் தட்டிலிருந்து நிமிரவே இல்லை.

"ரெண்டு மாசமா நீங்க எல்லாருக்கும் இதத்தானே மோனே எழுதினீங்க?"

குழாய்

அதோடு புத்தி வந்ததா? வந்திருந்தால் இதை ஏன் எழுதுகிறேன்! மறுநாளும் ஏழாம் கட்டிலுக்கு டேப்லெட் 'சத்தம் இல்லை' என்றது. நானும் தலையாட்டிவிட்டு எட்டாம் கட்டிலுக்குத் திரும்பினேன். செல்வியக்கா என் கோட்டைப் பிடித்து இழுத்தார். வாய் அசைந்தது, பேச மூச்சு வரவில்லை. ஸ்டெதஸ்கோப்பை முதுகில் வைத்தேன். வலது பக்கம் அடியில், காதோரம் தலைமுடியை விரலால் தேய்ப்பதுபோல ஒரு சத்தம். நிமோனியா முற்றியிருந்தது.

ஐசியுவிலிருந்து ட்ராலி வருவதற்குள் பழைய பக்கங்களைப் புரட்டினேன். மூன்று நாளும் 'சத்தம் இல்லை', மூன்றிலும் என் பெயர். இதில் எது நான் சொன்னது, எது அதுவே எழுதியது? சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. ட்ராலி நகரும்போது அக்கா ஆக்ஸிஜன் மாஸ்க்கை விலக்கினார்.

"சேத்ததுலருந்து இன்னைக்குத்தான் தம்பி முதுகுல குழாய் வச்சுப் பாத்தீங்க."

திருத்தம்

உட்கார்ந்து ஷீட்டைத் திருத்தினேன். 'வலது பக்கம் சத்தம் இருக்கிறது' என்று அடித்ததும் திரையில் ஒரு வரி வந்தது: 'நீங்கள் வழக்கமாக இப்படி எழுதுவதில்லை. மாற்றட்டுமா?'

ஜசீலாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் தன் பக்கங்களைத் திறந்து ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள்.

"இந்தக் கட்டிலுக்கெல்லாம் நான் போனேனான்னே ஓர்மை இல்லடா."

செல்வியக்கா பிழைத்துக் கலூருக்கே வேலைக்குத் திரும்பிவிட்டார். அந்தப் படிவம் இன்னொரு முறை வந்தால், என்னைப் பற்றி ஏஐக்கு எவ்வளவு தெரியும் என்று பதினோராவதாக ஒரு கேள்வி சேர்க்கச் சொல்ல வேண்டும்.