சென்னையிலிருந்து வந்த ஊசிமருந்து

உயர்தர வகுப்புக்குப் பொருளியல் படிப்பிக்கிறவள் நான். அரசாங்கச் செலவு என்ற பாடம் வரும்போது கரும்பலகையின் நடுவே கோடு போட்டு ஒரு பக்கம் இலங்கை, மறுபக்கம் இந்தியா என்று எழுதுவேன். இரண்டு அரசாங்கங்களும் சுகாதாரத்துக்கு ஒதுக்குவது கொஞ்சந்தான். ஆனால் எங்கள் அரசாங்க ஆஸ்பத்திரியில் கட்டிலுக்கும் சத்திரசிகிச்சைக்கும் பணம் கேட்பதில்லை. அங்கே தனியார் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கடனாளியாகிற குடும்பங்கள் நிறைய என்று விளக்குவேன். "அப்ப எது நல்லது ரீச்சர்?" என்று பிள்ளைகள் கேட்டால், "எங்கடைதான்" என்று யோசிக்காமல் சொல்லிவிடுவேன்.

நாடு முழுவதும் மருந்துத் தட்டுப்பாடு இருந்த காலத்தில் என் கணவருக்குக் காய்ச்சல் வந்தது. அவர் குருநகரில் படகு எஞ்சின்கள் திருத்துகிறவர். டெங்கு என்று நினைத்தோம். விட்டுவிட்டுக் காய்ந்தது. ஒருநாள் காலை பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தவர் ஸ்பனரைப் பிடிக்கப் பலமில்லாமல் நிலத்தில் இருந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் இதயத்தை ஸ்கான் செய்து பார்த்த டொக்டர் என்னை வார்டுக்கு வெளியே கூப்பிட்டார்.

"இதய வால்விலை கிருமி பிடிச்சிருக்கு. இதுக்குச் சரியான ஊசி ஒண்டுதான். கிழமைக்கணக்கிலை விடாமல் போடவேணும்."

"போடுங்கோ டொக்டர்."

"எங்களிட்டை இருக்கிறது கொஞ்ச நாளைக்குத்தான் காணும். கொழும்பிலையும் கேட்டுப் பாத்திட்டம், இல்லை. வெளியிலை எடுக்க ஏலுமெண்டால் எடுங்கோ. இடையிலை நிப்பாட்டினால் வால்வு பழுதாப் போடும்."

அவர் எழுதித் தந்த துண்டோடு நகரத்திலுள்ள பாமசிகள் எல்லாவற்றிலும் ஏறி இறங்கினேன். மருந்தின் பெயரை வாசித்ததுமே தலையசைத்தார்கள். காசு கேட்காத ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை. காசு வாங்குகிற கடையிலும் இல்லை. பையில் பணத்தை வைத்துக்கொண்டு அந்த வெயிலில் நின்றேன்.

என் கணவரின் தங்கை, எனக்கு மச்சாள், சென்னையில் இருக்கிறாள். இளவயதில் கலியாணம் முடித்துப் போனவள். இப்போது கணவர் இல்லை. விஷயத்தைச் சொன்னதும் அவள் அவசரப்பட்டாள்.

"அண்ணையை இங்கை கூட்டிக்கொண்டு வாங்கோ மச்சாள். பலாலியிலை பிளேன் ஏறினால் கொஞ்ச நேரம்தானே. இங்கை எல்லா மருந்தும் இருக்கு."

அவள் அன்றே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் விசாரித்துச் செலவு விவரத்தைத் தொலைபேசிக்கு அனுப்பினாள். எங்கள் வீட்டையும் பட்டறையையும் விற்றாலும் பாதிதான் தேறும்.

"அங்கை அரசாங்க ஆஸ்பத்திரி இல்லையோ?" என்று கேட்டேன்.

"இருக்கு. நல்லாயும் பாப்பினம். ஆனா பெரிய வைத்தியத்துக்கு அரசாங்கம் குடுக்கிற காப்புறுதி அட்டை இங்கத்தைச் சனத்துக்குத்தான். அண்ணைக்கு எப்பிடி எடுக்கிறது?" பிறகு சொன்னாள்: "என்ரை மனுசனுக்குக் கிட்னி பழுதாப்போன நேரம் தனியாரிலைதான் காட்டினனாங்கள். குறை சொல்ல மாட்டன். ரெண்டு வருஷம் நடமாடினார். இருந்த வீடு கடனிலை போட்டுது மச்சாள்."

அவள் வாடகை வீட்டில் இருப்பது எனக்குத் தெரியும். ஏன் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

கணவரைப் பிளேனில் ஏற்றலாமா என்று டொக்டரிடம் கேட்டேன். வால்விலுள்ள கிருமிக்கட்டி உடைந்து மூளைக்குப் போகலாம், தான் சம்மதிக்க மாட்டேன் என்றார். திரும்பவும் மச்சாளைக் கூப்பிட்டேன்.

"ஆளைக் கொண்டுவரேலாது. ஊசியைக் கொண்டுவர ஏலுமோ?"

"டொக்டரிட்டைக் கடிதம் வாங்கி அனுப்புங்கோ. நானே கொண்டு வாறன்."

இங்கே எங்கும் கிடைக்காத அந்த மருந்து அங்கே அவள் வீட்டுக்குப் பக்கத்து மருந்துக்கடையில் இருந்தது. விலையும் தாங்கக்கூடியதுதான். கேட்டபோது ஆறுதலும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

அவள் வந்த நாளில் ஆஸ்பத்திரியின் கடைசி ஊசி காலையிலேயே முடிந்துவிட்டது. அடுத்தது பின்னேரம் போடவேண்டும். பிளேன் பிந்தியது. பலாலி விமான நிலையத்துக்கு வெளியே நின்றபடி கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிளேன் இறங்கி, பயணிகள் எல்லோரும் பெட்டிகளோடு போய்விட்டார்கள், அவளைக் காணவில்லை. இவ்வளவு மருந்து எதற்கு என்று சுங்கத்தில் மறித்துவிட்டார்களாம். அதிகாரி கடிதத்தை வாசித்து, டொக்டருக்கே போன் எடுத்துக் கேட்டபிறகு, "கெதியாக் கொண்டு போங்கோ அம்மா" என்று பெட்டியைத் தானே தூக்கிக் கொடுத்தாராம். பின்னேர ஊசி நேரத்துக்கு ஏறியது. மச்சாள் தமையனின் காலடியில் இருந்து அழுதாள்.

மருந்து வந்த இரண்டாம் நாள்தான் பக்கத்துக் கட்டிலை ஒழுங்காகப் பார்த்தேன். தொண்டைமானாற்றிலிருந்து வந்த இளம் மீனவர். அவருக்கும் அதே கிருமி, அதே ஊசி. ஆஸ்பத்திரியில் முடிந்ததால் வேறொன்றை மாற்றிப் போட்டிருந்தார்கள், காய்ச்சல் இறங்கவில்லை. அவருடைய மனைவி எங்களிடம் எதுவும் கேட்கவில்லை. தாதி எங்கள் மருந்தை எடுத்துவரும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

"அந்தப் பெடியனுக்கும் குடுப்பம்," என்றார் என் கணவர்.

"உங்களுக்கே காணுமோ தெரியாது. பேசாமல் கிடவுங்கோ."

"நான் ஊசி ஏத்திக்கொண்டு கிடக்க, உவன் பாத்துக்கொண்டு கிடக்கிறதோ? என்னாலை ஏலாதப்பா."

"இடையிலை முடிஞ்சால்? உங்களுக்கு ஏதும் நடந்தால் நான் என்ன செய்யிறது?" என் குரல் உயர்ந்துவிட்டது. வார்டே திரும்பிப் பார்த்தது.

மச்சாள்தான் என் கையைப் பிடித்தாள். "நான் அடுத்த பிளேனிலை போறன். வாங்கி, வாற ஆரிட்டையாவது குடுத்துவிடுறன். குடுங்கோ மச்சாள்."

டொக்டரும் சம்மதித்தார். பாதி மருந்து பக்கத்துக் கட்டிலுக்குப் போனது. அந்தப் பெண் எழுந்து வந்து என் முன்னால் நின்றாள். கைகளைக் கூப்பினாள். எனக்கு அவளைப் பார்த்துச் சிரிக்க வரவில்லை. எங்கள் பெட்டி பாதியாகிவிட்டதே என்ற பயம்தான் இருந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் பெட்டியில் மிச்சம் இருப்பதைப் பார்ப்பதே என் வேலையாக இருந்தது. நானும் அந்தப் பெண்ணும் சேர்ந்துதான் பார்த்தோம். சாப்பாட்டைப் பகிர்ந்துகொண்டோம், மருந்தைப் பற்றி மட்டும் கதைக்கவில்லை. மருந்து முடியப்போகிற தறுவாயில், சென்னைக்குப் போய்த் திரும்பிய ஒரு வியாபாரியின் கையில் மச்சாளின் இரண்டாம் பெட்டி வந்து சேர்ந்தது. அது முடியுமுன்னர் கொழும்பிலிருந்து அரசாங்க மருந்தும் வந்துவிட்டது. தாதி வந்து சொன்னபோது நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டோம்.

தொண்டைமானாற்றுப் பெடியன் முதலில் வீடு போனார். என் கணவர் மேலும் சில நாள் கிடந்து, மெலிந்து, மீசை நரைத்து வீடு வந்தார். ஆஸ்பத்திரியில் எங்களிடம் ஒரு சதமும் கேட்கவில்லை. வால்வு கொஞ்சம் ஒழுகுகிறது. என்றாவது மாற்றவேண்டி வரலாம் என்கிறார்கள். இப்போது அவர் எஞ்சின் தூக்குவதில்லை. கதிரையில் இருந்தபடி மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். சிலவேளை இரவுச் சாப்பாட்டின்போது, "உடம்பு ஒரு மாதிரிக் கிடக்கு" என்பார். நான் கை கழுவாமலே எழுந்து போய் அவர் நெற்றியைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பேன்.