தொண்ணூற்றெட்டு புள்ளி நான்கு

அந்த வார்டை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் குமட்டுகிறது. பினாயில் நெடியும் ரத்தத் துணி வாளியும் ஒரு வாரத்தில் பழகிவிட்டன. பழகாமல் போனது என் சொந்தக் கையெழுத்துதான்.

எழுபதுகளின் கடைசி. திருநின்றவூரிலிருந்து வந்து மருத்துவச்சிப் பயிற்சியில் சேர்ந்திருந்தேன். எங்களைப் பழக்க அனுப்பிய பிரசவ ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொல்லி மட்டும் என்ன கிழிக்கப் போகிறேன்?

அங்கே வார்டுக்கே ஒரு தெர்மாமீட்டர். உடைத்தால் விளக்கம் எழுத வேண்டும் என்பதற்காக சிஸ்டர் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டியிருப்பார். ஆனால் ஒவ்வொரு கட்டிலிலும் தொங்கும் சார்ட்டில் காலையும் மாலையும் ஜுரம் பார்த்து எழுத வேண்டும். எங்களுக்கு முந்தின வருஷத்துப் பெண்கள் அதற்கு வழி சொல்லிக் கொடுத்தார்கள். காலையில் டீ குடித்த கையோடு மேஜையில் உட்கார்ந்து எல்லாருக்கும் தொண்ணூற்றெட்டு புள்ளி நான்கு. அப்போதே மாலைக்கும் சேர்த்து எழுதிவிடலாம்.

"சாயங்காலத்துக்கு ரெண்டு புள்ளி ஏத்திப் போடு. அப்பத்தான் பாத்து எழுதினாப்பல இருக்கும்" என்றாள் ஒருத்தி. பாடப் புத்தகத்தில் இல்லாத இந்தப் பாடத்தை நான் ஒரே நாளில் கற்றுக்கொண்டேன். கெட்டிக்காரி அல்லவா.

அந்தச் சமயம் மெட்ராசிலிருந்து ஒரு டாக்டரம்மா வாரம் ஒருமுறை வர ஆரம்பித்தார். பிரசவத்துக்குப் பிறகு வரும் ஜுரத்தைப் பற்றி ஆராய்ச்சி. கஞ்சி போட்ட காட்டன் புடவை, அச்சடித்த பாரங்கள், எங்களுக்கு ஒரு பொட்டலம் பிஸ்கட். மேஜையில் உட்கார்ந்து சார்ட்டுகளைப் பார்த்து அழகாக நகலெடுப்பார். ஒரு தாயின் நெற்றியிலாவது அவர் கை வைத்து நான் பார்த்ததில்லை. ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்கக் கூடாது என்று சிஸ்டர் உத்தரவு போட்டார். நாங்களும் இன்னும் மும்முரமாகப் பொய் எழுதினோம்.

கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகள் வருவதற்காக நிலத்தைச் சமன்படுத்திக்கொண்டிருந்தார்கள். அங்கே மண் சுமந்த ஒருத்தி பிரசவத்துக்கு வந்தாள். பரீட்சைக்கு நான் காட்ட வேண்டிய பிரசவங்களில் ஒன்று பாக்கியிருந்தது. அது அவளுடையது. ஆண் குழந்தை. என் புத்தகத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு நான் குதித்துக்கொண்டு போனேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் அந்தப் பக்கம் போனபோது என் கையைப் பிடித்தாள். அவள் கை கொதித்தது.

"யக்கா, குளுருதுக்கா. ஒரு போர்வ இருந்தா குடு. அடிவவுறு புடுங்குது. நாத்தம் வேற, எனக்கே ஒரு மாரியா கீது."

எனக்கு எல்லாம் புரிந்தது. குளிர், அடிவயிற்று வலி, துர்நாற்றம்: என்ன அறிகுறி, என்ன ஆபத்து, உடனே யாரைக் கூப்பிட வேண்டும் என்று வரிசையாக எழுதி நல்ல மார்க் வாங்கியவள் நான். சிஸ்டரிடம் ஓடித் தெர்மாமீட்டர் கேட்டேன்.

"சார்ட்ல இன்னா போட்டுக்கற?"

"தொண்ணூத்தெட்டு புள்ளி நாலு, சிஸ்டர்."

"சாயங்காலத்துக்கு?"

"அதுவும் போட்டாச்சு."

அவர் என்னை நிதானமாகப் பார்த்தார். "நாளைக்கு டாக்டரம்மா வராங்க. இப்ப அடிச்சித் திருத்தினா மத்த சார்ட்டயும் தோண்டுவாங்க. உனுக்குப் பரீட்சை வருது இல்ல? பேஜாரு பண்ணாம போய் ஆஸ்பிரின் குடு."

கொடுத்தேன். போர்வையும் கொடுத்தேன். அவள் கும்பிட்டாள். அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டு நின்ற என்னை நினைத்தால்தான் எனக்குக் குமட்டுகிறது. சிஸ்டரை விடுங்கள், அவர் கதை அவரோடு. எழுதியது என் கை, வாயைப் பொத்திக்கொண்டதும் நான்.

மறுநாள் டாக்டரம்மா அவள் சார்ட்டைக் கையில் எடுத்து, "இவங்க நார்மல்தானே?" என்று கேட்டார். கட்டிலில் அவள் போர்வைக்குள் சுருண்டிருந்தாள். "நார்மல், மேடம்" என்றேன். சார்ட் சுத்தமாக இருந்ததால் அன்றே பேர் வெட்டி அனுப்பிவிட்டார்கள். அவள் புருஷன் தோளில் சாய்த்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கூட்டிப் போனான்.

நான் பாஸ் செய்தேன். நாலு வருஷம் கழித்துப் பயிற்சிப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் வேலையும் கிடைத்தது. அதற்குள் டாக்டரம்மாவின் ஆராய்ச்சி பெரிய இடங்களுக்குப் போயிருந்தது. ஆஸ்பத்திரியில் தாய்மார்களுக்கு ஜுரம் வருவது அபூர்வம், வீட்டுக்குப் போன பிறகுதான் சாகிறார்கள், ஆகவே காரணம் குடிசைகளின் அசுத்தம் என்பது அதன் முடிவு. அந்தக் குடிசைகளுக்குச் சுத்தத்தைக் கற்றுக்கொடுக்க என்னை அனுப்பினார்கள்.

கும்மிடிப்பூண்டியில் கம்பெனிச் சுவரை ஒட்டிய குடிசைகள். பெண்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் படம் மாட்டி, கை கழுவுவது, துணியைக் கொதிக்க வைப்பது என்று பேசிக்கொண்டு போனேன். ஓரமாக ஒருவன் ஒரு பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றான். அவள் புருஷன்தான். என்னை அடையாளம் கண்டுகொண்டு முன்னால் வந்தான்.

"இந்த யக்காதான் எங்கூட்டுக்காரிக்குப் பிரசவம் பாத்துச்சு" என்று பெண்களிடம் சொன்னான். "ஆஸ்பத்திரில நல்லாத்தான் இருந்தா. சீட்லகூட நல்லா கீதுன்னுதான் எழுதிக் குடுத்தாங்க. இட்டுக்கினு வந்து ரெண்டு நாளு, செத்துப் பூட்டா. எங்கூட்டு அழுக்குதான் அவள அடிச்சிடுச்சி. யக்கா சொல்றத ஒயுங்கா கேளுங்க."

பெண்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இப்போதாவது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். பின்னால் என் மாணவிகள் ஆறு பேர் நோட்டும் பேனாவுமாக நின்றார்கள்.

"ஆமா, அவர் சொல்றது சரி" என்றேன். அவர்கள் அதை எழுதிக்கொண்டார்கள்.