மார்ஸே, மார்செயில்ஸ்

ஃபிளாஸ்க் மூடியில் ஊற்றிய வெந்நீரை ஊதிக்கொண்டே, "மார்ஸே... மார்ஸே..." என்று மெல்லச் சொல்லிப் பார்க்கிறார் மைக் அக்கா. கடைசியில் 'ஸ்' என்று ஒரு வால் முளைத்துவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து. மார்ஸே பிரான்ஸில் ஒரு ஊர்; அவருக்கு விமான நிலையத்தில் அறிவிப்பு செய்யும் வேலை. இந்த ஒத்திகை இல்லாமல் அவர் மைக்கைத் தொட்டதே இல்லை.

ஆள் சின்ன உருவம். குரல் மட்டும் கூடம் முழுக்க நடந்து வரும். தொண்டையைக் கைக்குழந்தை மாதிரி பார்த்துக்கொள்வார். குளிர்ந்த தண்ணீர் கிடையாது, சத்தம் போட்டுச் சண்டை கிடையாது. "எங்க கல்யாண வாழ்க்கை நல்லா ஓடுறதுக்கு அவ தொண்டைதான் காரணம்" என்பார் அவர் வீட்டுக்காரர். மனைவி வீடு திரும்பியதும், "இன்னிக்கு எந்த ஊரைத் திருத்தினே?" என்றுதான் கேட்பார்.

வெளிநாட்டு விமானப் பணிப்பெண்கள் பெட்டியை உருட்டிக்கொண்டு போனால் வழிமறித்து, அவர்கள் ஊர்ப் பெயரை அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொள்வார். புதிதாக வேலைக்குச் சேரும் பெண்களிடம், "நைஸ்ங்கிறது பிஸ்கட்டும்மா. ஊரு நீஸ்" என்பார். யார் மனமும் கோணாது. சொல்லும்போதே சிரிப்பு வந்துவிடும் அவருக்கு.

பக்கத்து விசாரணை மேசைக்காரருக்கும் அவருக்கும் மட்டும் இதில் ஓயாத வழக்கு.

"நாம பேசுறது இங்கிலீஷ் அக்கா. இங்கிலீஷ்காரன் அந்தக் காலத்துலேர்ந்து மார்செயில்ஸ்னு எஸ் போட்டு எழுதினவன். பாரிஸை மட்டும் எஸ்ஸோட சொல்றீங்க, இதுக்கு மட்டும் எஸ்ஸை முழுங்குறீங்க. என்ன நியாயம்?"

"பாரிஸுக்கு அந்த எஸ் ஒட்டிப்போச்சு, இனிமே பிரிக்க முடியாது. இது அப்படி இல்லைப்பா. இங்கிலீஷ் பேப்பர்லயே இப்ப எஸ்ஸை எடுத்துட்டாங்க. அந்த ஊர்க்காரங்க காதுல விழுந்தா சங்கடப்படமாட்டாங்களா?"

ஒருநாள் மாலை மார்ஸே விமானத்துக்கு ஏறும் வாயில் மாறியது. மைக் அக்கா வால் முளைக்காத சுத்தமான உச்சரிப்பில் அதை அறிவித்தார், திரும்பத் திரும்ப. எல்லாரும் ஏறியாயிற்று, இரண்டு பேர் மட்டும் வரவில்லை என்று வாயிலிலிருந்து தொலைபேசி வந்தது. அவர்கள் பெயரை வாசித்தார்.

வயதான ஒருவர் மனைவியைக் கையில் பிடித்துக்கொண்டு வாயிலுக்குப் போகாமல் நேரே அவர் மேசைக்கு வந்து நின்றார். "எங்க பேரைக் கூப்பிட்டீங்களேம்மா, எதுக்கு?"

"உங்க விமானம் கிளம்பப் போகுதுங்க ஐயா. இன்னும் ஏறாம இருக்கீங்களே?"

"இல்லையேம்மா. நாங்க மார்செயில்ஸ் போறவங்க. அதை இன்னும் கூப்பிடவே இல்லையே."

"காதைத் தீட்டி வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கோம்" என்றார் அந்த அம்மாள். "பொண்ணுக்கு நாளைக்குக் காலையில ஆபரேஷன். அவ கண்ணைத் திறக்கிறப்ப நான் பக்கத்துல இருக்கணும்."

மைக் அக்காவுக்கு அப்போதுதான் புரிந்தது. மார்ஸே என்றும் மார்செயில்ஸ் என்றும் சொல்வது ஒரே ஊரைத்தான் என்று விளக்க நேரம் இல்லை. தொலைபேசியை எடுத்து, "கதவை மூடிடாதீங்க, நானே கூட்டிட்டு வர்றேன்" என்றார். மைக்கை விசாரணை மேசைக்காரரிடம் தள்ளிவிட்டு, அந்த அம்மாளின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினார். புதிய வாயில் கூடத்தின் மறுகோடியில் இருந்தது. பெரியவருக்கு மூச்சு வாங்கியது. "வேற ஏதோ ஊருன்னுல்ல நினைச்சுட்டோம்" என்று வழியெல்லாம் அவர்தான் மன்னிப்புக் கேட்கிற குரலில் சொல்லிக்கொண்டே வந்தார். கதவு அவர்களுக்குப் பின்னால்தான் மூடியது.

திரும்பி வந்தவரிடம் விசாரணை மேசைக்காரர் மைக்கை நீட்டினார். அக்காவேதான் ஆரம்பித்தார். "ஊர்ல இருக்கிறவங்க காதையே நினைச்சேன்ப்பா. ஊருக்குப் போறவங்க காது எனக்கு ஞாபகம் வரலை."

மறுநாள் மேலதிகாரியிடம் போய், இரண்டு பெயரையும் சொல்ல அனுமதி கேட்டு நின்றார். ஒரு ஊருக்கு ஒரு பெயர்தான், அதுதான் விதி என்றார் அதிகாரி. "விதி இருக்கட்டும் சார். ஒருத்தர் ஏறாம நின்னுட்டா அந்தப் பேரு சரியா இருந்து என்ன ஆகப் போகுது?" என்று அக்கா குரலை உயர்த்தாமலே கேட்டார். அதிகாரி யோசித்துவிட்டுச் சரியென்று தலையாட்டினார்.

சரியான உச்சரிப்பை அக்கா விட்டுவிடவில்லை. முதலில் வால் இல்லாமல் ஒருமுறை சொல்கிறார். அடுத்து, அதே மரியாதையோடு, வாலோடு ஒருமுறை.

இன்றும் அப்படித்தான் சொல்லி முடித்தார். உடனே உட்காரவில்லை. மேசை விளிம்பைப் பிடித்து நுனிக்காலில் எம்பி, நாற்காலி வரிசைகளைப் பார்த்தார். கடைசி வரிசையில் ஒரு பெண் பயணச்சீட்டையும் கூரையிலிருந்த ஒலிபெருக்கியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா மைக்கை அணைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு அவளை நோக்கி நடந்தார்.