மூணு டிவியிலும் அதே முகம்

நெகட்டிவ் என்பது அவளுக்கு அத்தை வைத்த பெயர். குடும்பமே வரிசையாக நின்று எடுத்துக்கொண்ட ஒரு போட்டோ கழுவி வந்த அன்றைக்கு வைத்தார். படத்தில் எல்லாரும் பளிச்சென்று இருந்தார்கள். ஓரத்தில் நின்ற சின்னப் பெண்ணுக்கு மட்டும் பல் இருந்தது, கண் இருந்தது, கவுன் இருந்தது, முகம் இல்லை. "இவளை மட்டும் கழுவாம நெகட்டிவாவே குடுத்துட்டான் பாரு!" என்றார் அத்தை. வீடே விழுந்து விழுந்து சிரித்தது. அம்மாவும் சேர்ந்து சிரித்தார். நெகட்டிவில் கறுப்பு வெளுப்பாகத்தான் தெரியும் என்பது அத்தைக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் விட்டிருக்க மாட்டார். அவருக்கு வாய்க்கு வந்ததுதான் சட்டம்.

நாற்பதைத் தாண்டிய பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. போக அவள் விடவில்லை என்பதுதான் சரி. படங்களுக்கு நிறம் திருத்தும் ஸ்டுடியோவில் அவளுக்கென்று ஒரு அறை கொடுத்தபோது, கதவில் என்ன பெயர் எழுத வேண்டும் என்று கேட்டார்கள். "நெகட்டிவ்னு எழுதுங்க. வெச்சவங்க வெட்கப்படட்டும், நான் ஏன் படணும்?" என்றாள். எழுதினார்கள். இப்போதும் இருக்கிறது.

இந்தத் தொழிலுக்கு அவள் வந்தது கல்யாண வீடியோ கடை வழியாக. அங்கே அவளுக்குக் கொடுத்த வேலை ஒன்றே ஒன்று, பெண்ணை வெளுப்பது. ஒரு பட்டனைத் திருகினால் போதும், எந்தக் கறுப்பும் கோதுமையாகிவிடும். ஒரு நாள் ஒரு புதுப்பெண் தன் வீடியோவைக் கடையிலேயே போட்டுப் பார்த்துவிட்டு, மெதுவாக, "இது யாரு?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். அந்தப் பெண் நிஜமாகவே தெரியாமல் கேட்டாள். நெகட்டிவ் அந்த வாரமே கடையை விட்டு நின்றுவிட்டாள். இனி எந்த முகத்தையும் வெளுக்க மாட்டேன் என்று முதலாளி முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுத்தான் நின்றாள். அவர் வேறு ஆளைப் பிடித்துக்கொண்டார், அது வேறு விஷயம்.

இப்போது சொல்ல வந்தது, தியேட்டருக்குப் போகாமல் நேராக வீடுகளுக்கே போகவிருந்த ஒரு படத்தைப் பற்றி. அவள் அறைச் சுவரில் மூன்று டிவி வரிசையாக மாட்டியிருக்கும். ஆழமான இருட்டையும் கண் கூசும் வெளிச்சத்தையும் ஒரே படத்தில் காட்டுகிற வித்தைக்கு எச்டிஆர் என்று பெயர். அது ஒன்றோடு நின்றிருந்தால் நிம்மதி. டால்பி விஷன் ஒரு கட்சி, எச்டிஆர் டென் பிளஸ் எதிர்க்கட்சி. இந்தக் கட்சியை உள்ளே விடுகிற சில டிவிக்காரர்கள் அந்தக் கட்சியை வாசலில்கூட நிற்க விட மாட்டார்கள். இரண்டிலும் சேராமல் வெறும் எச்டிஆர் டென் என்று ஒன்று எல்லா வீட்டிலும் இருக்கும். சுவரில் மூன்று டிவி இந்த மூன்றுக்காகத்தான். முதல் இரண்டும் காட்சிக்குக் காட்சி, "இங்கே இவ்வளவு வெளிச்சம் காட்டு, இங்கே அடக்கி வாசி" என்று டிவியின் காதில் சொல்லிக்கொண்டே வரும். மூன்றாவது, படம் தொடங்கும்போது ஒரே ஒரு தடவை சொல்லும். அப்புறம் டிவி பாடு, படம் பாடு. விலை குறைந்த டிவிகளில் பெரும்பாலும் அதுதான். எச்டிஆர் என்ற ஸ்டிக்கர் பெரிதாக இருக்கும், வெளிச்சம்தான் இருக்காது.

படத்தில் ஒரு காட்சி. கதாநாயகி புதுமுகம், நல்ல கறுப்பு. கரண்ட் போன சமையலறையில் ஒரு மெழுகுவர்த்தி எரிகிறது. தம்பி செத்துப்போன செய்தி அப்போதுதான் போனில் வந்திருக்கிறது. அவள் வாயைத் திறக்கவில்லை. பாத்திரம் கழுவுவதை நிறுத்தவும் இல்லை. கன்னத்தில் மட்டும் கண்ணீர் ஒரு கோடாக இறங்குகிறது. அவ்வளவுதான் காட்சி, ஆனால் படமே அதில்தான் நிற்கிறது.

முதல் டிவியில் அந்தக் கறுப்பு அத்தனை அழகாக இருந்தது. நெற்றியில் ஒரு பழுப்பு, தாடையோரம் ஒரு செம்பு, கண்ணுக்குக் கீழே நீலம் கலந்த நிழல், நடுவே ஈரக்கோடு. இரண்டாவதிலும் கிட்டத்தட்ட அப்படியே. மூன்றாவதுக்கான பிரதியை மெஷினே தானாகப் போட்டுக் கொடுத்திருந்தது. அதில் மெழுகுவர்த்தி இருந்தது, தட்டு இருந்தது, முகம் இல்லை. நெகட்டிவுக்கு அந்தப் பழைய போட்டோ ஞாபகம் வந்தது. கோபமும் வந்தது.

தயாரிப்பாளர் அந்தப் பிரதியை வீட்டில் போட்டுப் பார்த்துவிட்டு வந்திருந்தார். "என் பொண்டாட்டி கேக்குறாம்மா, தட்டு தானாவே கழுவிக்குதான்னு."

அவர் சொன்னது உண்மை. அதனால்தான் அவளுக்குக் கோபம் இன்னும் ஏறியது.

"ஒண்ணும் பெரிய வேலை இல்ல," என்றார் அவர். "மூணாவதுல மட்டும் முகத்தை நல்லா ஏத்தி வெளுத்து விட்டுடுங்க. பெரிய டிவி வெச்சிருக்கறவங்க ரசனையானவங்க, அவங்களுக்குக் கறுப்பாவே இருக்கட்டும். சாதா டிவி ஜனத்துக்கு செவப்பா இருந்துட்டுப் போகட்டுமே. சந்தோஷமாத்தான் பாப்பாங்க."

"ஒரே பொண்ணு, மூணு வீட்டுல மூணு நிறமா சார்?"

"மூணு வீட்டுக்கும் போய் யாரும்மா பாக்கப் போறாங்க?"

"நான் போவேன்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த இயக்குநர் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். காட்சி அவருடையது, காசு தயாரிப்பாளருடையது. மனிதர் நகத்தைத் தவிர வேறு எதையும் கடிக்கத் துணியவில்லை.

"முகத்தைத் தொட மாட்டேன்," என்றாள் நெகட்டிவ். "மெழுகுவர்த்தியை இறக்குறேன். பின்னாடி சுவத்தை இறக்குறேன், தட்டோட பளபளப்பை இறக்குறேன். சுத்தி இருக்கறது ஆட்டம் போடறதை நிறுத்தினா முகம் தானா வெளிய வரும். ஒவ்வொரு ஷாட்டா கையால பண்றேன். என் லீவுல பண்றேன், நீங்க எதுவும் தர வேண்டாம்."

"அப்பவும் தெரியலேன்னா?"

"தெரியலேன்னா நீங்க சொன்ன மாதிரியே வெளுத்துத் தர்றேன். படத்துலேர்ந்து என் பேரையும் எடுத்துடுறேன். ஆனா எந்த டிவியில பாக்கணும், யாரு பாக்கணும்னு நான்தான் சொல்வேன்."

தயாரிப்பாளர் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். ஏதோ கண்ணாடி போட்ட பெரிய மனுஷன் ஒருவரைக் கூட்டி வருவாள் என்று நினைத்திருப்பார்.

அவள் சொன்னது அத்தை வீட்டை.

அம்மா கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டார். "உனக்கென்ன கிறுக்கா? அவளுக்குத் தெரிஞ்சாலும் தெரியலேன்னுதான் சொல்வா. கறுப்புன்னாலே மூஞ்சியைத் திருப்பிக்கறவ."

"அதனாலதாம்மா. அத்தை கண்ணுக்கே தெரிஞ்சுட்டா அப்புறம் யாரு கண்ணுக்குத் தெரியாம போகும்?"

"தோத்துட்டா?"

தோற்றால் கல்யாண வீடியோ கடைக்கே திரும்பிப் போன மாதிரி. அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் பிடித்த பிடியை விடவில்லை. லீவு முழுக்க அந்த ஜன்னலில்லாத அறையில் உட்கார்ந்து ஷாட் ஷாட்டாக வெளிச்சத்தை அடக்கினாள். முகத்தின் மேல் கை வைக்கவே இல்லை.

அத்தை வீட்டு ஹாலில் மேற்குப் பார்த்த பெரிய ஜன்னல். பிற்பகல் வெயில் நேராக டிவி மேல் விழும். டிவியோ அந்த மூன்றாவது ரகம், வாங்கிய அன்றைக்குக் கடையில் எப்படிப் பளீரென்று வைத்திருந்தார்களோ அதே செட்டிங்கில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓரத்து ஸ்டிக்கரைக்கூட அத்தை உரிக்கவில்லை. இதைவிடக் கெட்ட இடம் வேறு எங்கே கிடைக்கும்?

"வா நெகட்டிவ். இன்னும் கறுத்துட்டியேடி, வெயில்ல அலையறியா?"

"ஜன்னலே இல்லாத ரூம்ல உக்காந்திருக்கேன் அத்தை. இது என் சொந்தக் கறுப்பு."

தயாரிப்பாளரும் இயக்குநரும் துவைத்த துணிக் குவியலுக்குப் பக்கத்தில் சோபாவில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். தயாரிப்பாளருக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். எழுந்து திரைச்சீலையை இழுக்கப் போனார்.

"வேண்டாம் சார், திறந்தே இருக்கட்டும்," என்றாள் நெகட்டிவ்.

என்ன பந்தயம், யார் இவர்கள் என்று அத்தைக்கு எதுவும் சொல்லவில்லை. நான் வேலை செய்த படம், சும்மா பாருங்கள் என்று மட்டும் சொல்லி, பென் டிரைவைச் செருகிவிட்டாள். அத்தை துணி மடித்துக்கொண்டே பாதிக் கண்ணால் பார்த்தார். கதாநாயகி வந்ததும், "வேற பொண்ணே கிடைக்கலையா இவங்களுக்கு?" என்றார். தயாரிப்பாளர் நெகட்டிவைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். அவள் கண்டுகொள்ளவில்லை.

சமையலறைக் காட்சி வந்தது. நெகட்டிவ் டிவியைப் பார்க்கவில்லை. அத்தையின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை ஒரு துண்டை மடித்தது. இன்னொரு துண்டை எடுத்தது. பாதி மடிப்பில் நின்றது.

"ஏய், இவ அழறாடி."

"எங்கேம்மா அழறா? ஒண்ணும் தெரியலையே," என்றார் தயாரிப்பாளர், வேண்டுமென்றே.

அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. "கண்ணை எங்க வெச்சிருக்கீங்க? கன்னத்துல இறங்குது பாருங்க. சத்தமே இல்லாம அழறா. கழுவறதைக்கூட நிறுத்தல பாவி." துண்டு மடியிலேயே கிடந்தது. காட்சி முடியும்வரை அவர் அதைத் தொடவில்லை.

தயாரிப்பாளர் நெகட்டிவ் பக்கம் திரும்பினார். "சரிம்மா. இதையே அனுப்பிடுங்க," என்றார். இயக்குநர் சட்டென்று எழுந்து ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. இவ்வளவு நாள் எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்க வேண்டும்போல் இருந்தது நெகட்டிவுக்கு.

அவர்கள் இருவரும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். ஜெயித்த சந்தோஷத்தோடு நெகட்டிவ் பென் டிரைவை எடுக்கப் போனபோது பின்னாலிருந்து அத்தை குரல் கேட்டது.

"உன்னை மாதிரியே இருக்காடி அவ."

"ம்."

"நீயும் இப்படித்தான். சின்னப் புள்ளைல நீ அழுதா தெரியவே தெரியாது. மூஞ்சி கறுப்பா, கண்ணீர் எங்க தெரியும்?"

நெகட்டிவ் திரும்பினாள். வெயில் இரண்டு பேர் முகத்திலும் விழுந்துகொண்டிருந்தது. சின்ன வயதிலிருந்து சொல்ல நினைத்தது எத்தனையோ இருந்தது. அத்தனையும் தேவைப்படவில்லை.

"தெரிஞ்சிருக்கும் அத்தை. நீங்க பாக்கல."

அத்தை பதிலுக்கு வாயைத் திறந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்கு வாய்க்கு ஒன்றும் வரவில்லை. துண்டை ஓரமாக வைத்துவிட்டு, "அந்தச் சமையலறைச் சீனை இன்னொரு தடவை போடேன்," என்றார்.

பென் டிரைவ் டிவியிலேயே இருந்தது. நெகட்டிவ் ரிமோட்டை எடுத்து அத்தை கையில் வைத்தாள்.

"நீங்களே போட்டுப் பாருங்க," என்றாள்.